மருந்துச் சீட்டில் செருப்புக்கும் ஒரு வரி

"கால் காந்துது. விரலிடுக்குல சுருக்கு சுருக்குன்னு குத்துது. செருப்புக்குள்ள கல்லு கெடக்குற மாதிரி இருக்கு, கழட்டிப் பாத்தா ஒண்ணும் இல்ல." தென்காசி மாவட்டத்து ராயகிரியிலிருந்து பஸ் ஏறிச் சிவகிரிக்கோ சங்கரன்கோவிலுக்கோ போய் டாக்டரிடம் இப்படிச் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஓர் அட்டை நரம்பு மாத்திரை, கூடவே ஒரு வலி மாத்திரை, சில நேரம் ஓர் ஊசி. தேவைப்படுகிறவர்களுக்கு இவையெல்லாம் தேவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த வலியைக் கிளப்பிவிடுகிற பொருள் எதுவோ, அது அந்த அறைக்குள் வருவதே இல்லை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். டாக்டர் பாதத்தைப் பார்ப்பார், அமுக்கிப் பார்ப்பார், எக்ஸ்ரேக்கு எழுதித் தருவார். நாள் முழுக்க அந்தப் பாதத்தை நெரித்த செருப்பு மட்டும் வெளியே வெயிலில் கிடக்கும். முன்பாதத்தில் வரும் நரம்பு வலிக்குச் செருப்பும் ஒரு மருந்துதான், பலருக்கு அதுவே முதல் மருந்து. அப்படியானால் அதை மாத்திரையோடு சேர்த்துச் சீட்டில் எழுத வேண்டும். எழுதியது ராயகிரி மாதிரியான ஊரில் வாங்கக் கிடைக்கவும் வேண்டும்.

இந்த வலிகளில் அதிகம் பேசப்படுவது மார்ட்டன் நியூரோமா. அமெரிக்காவில் பிலடெல்ஃபியா நகரத்து அறுவை மருத்துவர் தாமஸ் மார்ட்டன் 1876-இல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பே, 1845-இல், இங்கிலாந்தில் பாத வைத்தியம் பார்த்த லூயிஸ் டர்லாக்கர் இதே வலியைக் குறித்து வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1835-இல், இத்தாலியரான சிவினினி உடற்கூறு ஆய்வில் அந்த நரம்பின் தடிப்பைக் கண்டார். இது புற்றும் அல்ல, உயிருக்கு ஆபத்தானதும் அல்ல. விரல்களுக்குப் போகிற நரம்பு ஓயாமல் நசுங்கி உரசுவதால் அதைச் சுற்றி நார்த்திசு படிந்து தடித்துப்போகிறது, அவ்வளவுதான். மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில்தான் அதிகம் வரும். அடுத்தபடியாக இரண்டாவது, மூன்றாவது விரல்களுக்கு நடுவில். ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது. வருவது பெரும்பாலும் நடுவயதில். நடந்தால் காந்தும், இடுக்கின் இருபுறத்து விரல்களும் மதமதப்பாகும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டால் தணியும். கழற்றியதும் தணிகிற வலிக்குக் காரணத்தை ரத்தப் பரிசோதனையில் மட்டும் தேடிக்கொண்டிருப்பது விந்தைதான்.

செருப்பு எப்படி நரம்பைக் கெடுக்கும் என்று கேட்பவர்கள் பாதத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். முன்பாதத்தில் ஐந்து நீள எலும்புகள் விரல்களை நோக்கி ஓடுகின்றன. அவற்றின் தலைகளை ஒரு குறுக்கு நார்ப்பட்டை பிணைத்து வைத்திருக்கிறது. விரல் நரம்பு அந்தப் பட்டைக்கு அடியில் நுழைந்துதான் விரலிடுக்குக்குப் போக வேண்டும். நடக்கும்போது குதிகால் மேலே எழுந்து விரல்கள் மேல்நோக்கி மடங்குகிற ஒவ்வொரு முறையும் நரம்பு பட்டையின் விளிம்பில் இழுபடுகிறது. இதோடு மூன்று விஷயங்கள் சேர்ந்தால் வினை. முனை குறுகிய செருப்பு எலும்புத் தலைகளைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. குதி உயர்ந்த செருப்பு உடல் எடையை முன்னால் தள்ளி, விரல்களை நாள் முழுக்க மடங்கிய நிலையிலேயே நிறுத்துகிறது. தேய்ந்து மெலிந்த சோல், தரையின் அடியை அப்படியே எலும்புத் தலைகளுக்குக் கடத்துகிறது. மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டுபிடிக்கச் செய்யும் கைச்சோதனை ஒன்று உண்டு. 1951-இல் முல்டர் என்பவர் எழுதியது. பாதத்தை இருபுறமும் கையால் நெரித்து, அடியிலிருந்து கட்டைவிரலால் அமுக்குவார்கள். நரம்பு தடித்திருந்தால் 'டிக்' என்று விலகுவது கைக்குத் தட்டுப்படும், நோயாளிக்கு வலி பளிச்சென்று வரும். சோதனையில் அரை நிமிடம் நடக்கிற இந்த நெரிப்பைத்தான் குறுகிய ஷூ காலையிலிருந்து சாயங்காலம் வரை செய்கிறது.

குறுகிய ஷூ நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பொருந்தாது. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்பது அதில் தெரிந்தது. ஆனால் நாம் இன்னமும் வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவெண்ணில்தான் செருப்பு வாங்குகிறோம். அந்த எண் சொல்வது நீளத்தை மட்டும்தான். அகலம் பற்றாதவர் என்ன செய்கிறார்? ஏழாம் நம்பர் போட வேண்டியவர் எட்டாம் நம்பர் வாங்குகிறார். இப்போது அகலம் ஒருவாறு சரி, நீளம் மிச்சம். பாதம் முன்னால் வழுக்கிப் போகிறது, பிடிப்புக்காக விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டே நடக்கின்றன. அந்தக் கவ்வலில் எலும்புத் தலைகள் இன்னும் கீழே அழுந்துகின்றன. இந்த ஆய்வை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென ஓர் அளவு முறை 2024-இல் முன்மொழியப்பட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஒரு மாநிலத்தில், சொந்தப் பாதத்தின் அகலத்தை அளந்து பார்க்க 2021 வரை ஆகியிருக்கிறது.

அளவில் பின்தங்கினாலும், பாதத்தை அழுத்தத்திலிருந்து காப்பது எப்படி என்ற அறிவில் தமிழ்நாடு பிந்தியதல்ல. உலகத்துக்கே அது வேலூரிலிருந்து போன பாடம். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வருவது நோயால் சதை அழுகுவதால்தான் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள். அப்படியானால் மருந்து எது? செருப்பு. பல வகையான செருப்புகளைச் செய்து பார்த்து, கடைசியில் வந்து நின்றது நுண்ணறை ரப்பர். மருத்துவமனை வட்டாரத்தில் எம்.சி.ஆர். என்றே சொல்வார்கள். பாதத்தின் மேடுபள்ளத்துக்கு இணங்கிக் கொடுக்கும், ஆனால் எடையில் சப்பையாகிப் போகாது. வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு நிலையத்தில் அறுவை அரங்குக்கு இணையான மரியாதை செருப்புப் பட்டறைக்கும் இருந்தது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அறிவையும் எடுத்துப் போனார். அங்கே எலிகளின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை நாளும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு ஒன்றும் செய்யாத அழுத்தம், தொடர்ந்து பட்டபோது அந்த இடத்தை வீங்கவைத்துக் கடைசியில் புண்ணாக்கியது. இன்று உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குச் சிறப்புக் காலணி செய்கிறவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான்.

அந்த அறிவு தமிழ்நாட்டில் மறுபடி சோதிக்கவும்பட்டது. சென்னை ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதனும் அவர் குழுவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் 241 நோயாளிகள். பாதத்தில் ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள். ஒன்பது மாதம் கவனித்ததில், மெத்தை அட்டை வைத்த சிகிச்சைக் காலணி போட்டவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான் புதுப் புண் வந்தது. கெட்டித் தோல் அட்டை வைத்த சாதாரணச் செருப்பு போட்டவர்களில் அது 33 சதவீதம். பாதத்தின் மேல் விழும் அழுத்தத்திலும் பல மடங்கு வித்தியாசம். இது புண்ணைப் பற்றிய ஆய்வு, நரம்பு வலியைப் பற்றியது அல்ல என்பது உண்மைதான், இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் செருப்பின் உள் அட்டையை மாற்றினால் முன்பாதத்தின் அழுத்தம் மாறும் என்பதற்கு நம் பாதங்களிலேயே, நம் தெருக்களில் நடந்தே கிடைத்த சான்று இது.

இவ்வளவு நல்ல செருப்பு ஏன் ராயகிரிக் கடைத்தெருவில் இல்லை? ஒரு காரணம் வெட்கக்கேடானது. எம்.சி.ஆர். செருப்பு அரசின் தொழுநோய்த் திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கப்பட்டது, இன்றும் கொடுக்கப்படுகிறது. எங்கு பார்த்தாலும் ஒரே நிறம், ஒரே அமைப்பு. அதைக் காலில் போட்டவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். தேவைப்பட்டவர்களே அதைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். சர்க்கரை நோயாளிக்கு அதையே எழுதிக் கொடுத்தால் "எனக்கு எதுக்கு இந்தச் செருப்பு?" என்று முகம் சுளிப்பார். வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி, நான்கு நிறத்தில் செய்திருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்திருக்கும். நோய்க்குச் செருப்பு செய்தவர்கள் மனுஷருக்குச் செருப்பு செய்ய மறந்துவிட்டார்கள். இன்னொரு காரணம் மருத்துவத் துறையின் பழக்கம். செருப்பு என்பது தொழுநோய்ப் பிரிவுக்கும், பெரிய நகரங்களின் நீரிழிவு நிலையங்களுக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. சாதாரணமாகப் பாதம் காந்துகிற ஒரு பூக்கட்டும் பெண்ணுக்கோ விசைத்தறிக்காரருக்கோ அது போய்ச் சேரவில்லை.

அந்த இடைவெளியைக் கடைகள் நிரப்பிக்கொண்டன. 'டாக்டர் செருப்பு' என்றும் 'ஆர்த்தோ' என்றும் பெயர் போட்டு இப்போது எல்லா ஊரிலும் தொங்குகின்றன. கையால் அமுக்கினால் பஞ்சாகப் போகும், போட்டு இரண்டடி நடந்தால் சொர்க்கம். ஆனால் ரொம்ப மெத்தென்ற செருப்பில் முன்பாதம் புதைகிறது. புதைந்த இடத்தில் அது நிலைகொள்ள விரல்கள் மறுபடி கவ்வுகின்றன. சில மாதத்தில் அந்த நுரை சப்பையாகி, எலும்புத் தலைகள் விழும் இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்துவிடுகிறது. தாங்குகிற செருப்பு என்பது வேறு. கடையில் நின்றே பார்த்துவிடலாம். செருப்பின் முனையையும் குதியையும் பிடித்து மடக்கினால் அது விரல் மடங்கும் இடத்தில் மட்டும், அதுவும் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி மடங்க வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் வேண்டாம். துணி பிழிவதைப் போல முறுக்க வந்தாலும் வேண்டாம். கட்டைவிரலால் உள் அட்டையை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே நிரவ வேண்டும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின் மேல் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோய்ச் செருப்பை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் விலையைக் கேட்கவே வேண்டாம். குதி உயரம் இரண்டு விரற்கடைக்கு மேல் போகக் கூடாது. வெறும் விரலிடுக்கு வாரில் தொங்குகிற ஹவாய்ச் செருப்பைவிட, பாதத்தின் மேலும் குதிகாலுக்குப் பின்னும் வார் வைத்து, வெல்க்ரோவால் இளக்கி இறுக்கக்கூடிய செருப்பு மேல். விரல்கள் சும்மா இருக்கலாம், பிடிக்கிற வேலையை வார் செய்யும். முள்முள்ளாகப் புடைத்திருக்கும் அக்குபிரஷர் செருப்பை நரம்பு வலிக்காரர்களுக்குச் சிபாரிசு செய்கிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு அதைப் போல ஆபத்தானது வேறில்லை.

செருப்புக்குள் வைக்கும் ஒரு சிறு மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. வலி இருக்கும் இடத்துக்கு நேர் அடியில் மெத்தை வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். கடையில் விற்கும் சிலிக்கான் பேடைப் பெரும்பாலானவர்கள் அங்கேதான் ஒட்டுகிறார்கள். அது இடுக்கை இன்னும் மேலே தள்ளி நரம்பை நசுக்கும். மேடு இருக்க வேண்டிய இடம் வலிக்குப் பின்னால், அதாவது எலும்புத் தலைகளுக்குச் சற்றுக் குதிகால் பக்கமாக. அங்கே தாங்கினால் எலும்புகள் லேசாக அகன்று கொடுக்கும், தலைகளின் மேலுள்ள பாரம் குறையும். சரியான இடத்தில் இருக்கிறதா என்பதைப் பாதமே சொல்லிவிடும். முதல் நாள் ஏதோ உறுத்துகிறது என்று தோன்றலாம், காந்தல் கூடக் கூடாது. கூடினால் அரை விரற்கடை பின்னால் நகர்த்த வேண்டும். இதைச் செய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கெட்டிக் கம்பளி அட்டையோ ரப்பரோ, கொஞ்சம் பசை, கத்தி, தேய்க்க ஒரு உப்புத்தாள் போதும். பஸ் நிலையத்து ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கிற தொழிலாளியிடம் இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. எங்கே ஒட்டுவது என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

"எங்க தாத்தா காலத்துல செருப்பே கிடையாது, மலையடிவாரம் வரைக்கும் வெறுங்காலோட போவாரு, ஒரு வலியும் இல்ல" என்ற பேச்சைத் தென்காசிப் பக்கம் கேட்காமல் இருக்க முடியாது. இந்த வாதத்தை எள்ளி ஒதுக்குவது சரியல்ல, அதில் விஷயம் இருக்கிறது. 1992-இல் ராவ், ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தியக் குழந்தைகள் 2,300 பேரின் பாதங்களைப் பார்த்து எழுதிய கட்டுரையில், வெறுங்காலோடு வளர்ந்த குழந்தைகளைவிடச் செருப்பு போட்டு வளர்ந்த குழந்தைகளிடம் தட்டைப் பாதம் அதிகம் என்று கண்டார்கள். அதிலும் மூடிய ஷூ போட்டவர்களிடம் மிக அதிகம். பெல்ஜியத்தைச் சேர்ந்த தாவூத் என்பவரின் குழு 2009-இல், வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடந்த தென்னிந்தியர்களின் பாதத்தை அளந்தது. அவை அகலமாக இருந்தன, அழுத்தம் பாதம் முழுவதும் சீராகப் பரவியிருந்தது. ஆகவே தாத்தா சொன்னது சரி. ஆனால் அவர் நடந்தது வரப்பிலும் வண்டித் தடத்திலும். பேத்தி நிற்பது டைல்ஸ் போட்ட சமையலறையில். சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் சிமென்ட் தரையில் தறிக்கும் தறிக்கும் நடுவே நாளெல்லாம் நடக்கிறவரின் பாதத்துக்கு, வரப்பு மண் கொடுத்த நெகிழ்வு கிடைப்பதில்லை. இருபது வருடம் ஷூவிலும் ஹீல்ஸிலும் பழகி, நரம்பு ஏற்கெனவே தடித்துப்போன காலை ஒரே நாளில் வெறுங்காலாக்கினால் வலி கூடத்தான் செய்யும். அந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அகலமாக விரிய இடம் கிடைத்த பாதம் நன்றாக இருக்கிறது. அந்த இடத்தைத் தரும் செருப்பைத் தேடுவது தாத்தாவுக்கு எதிரான காரியம் ஆகாது.

வெறுங்காலோடு செய்யும் வழிபாட்டை இதில் இழுக்காதீர்கள் என்பார்கள். இழுக்காமல் முடியாது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் ஆடிச்சுற்று தொடங்கும். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள், அவள் கால்வலியில் கொஞ்சத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்ற நம்பிக்கையில் பெண்கள் நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று எண்ணி எண்ணிச் சுற்றி வருவார்கள். கால்வலியைத் தெய்வத்தோடு பங்கு போட்டுக்கொள்கிற ஊர் இது. அதைக் குறை சொல்ல நான் யார்? கால் காந்துகிறவர் சுற்றை நாலைந்து நாளாகப் பிரித்துக்கொள்ளலாம், கல் சுடாத விடியற்காலையில் போகலாம். சர்க்கரையால் கால் மரத்தவர் மட்டும், சூடு தெரியாத பாதத்தோடு ஆடி வெயிலில் கல்தரையில் இறங்கக் கூடாது. கொப்புளம் வந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்குத் தெரியவரும். வருடத்தில் சில நாள் நடக்கும் வழிபாட்டைவிட, தினமும் வீட்டுக்குள் நிற்கும் நேரம்தான் எனக்குக் கூடுதல் கவலை. வீட்டுக்குள் செருப்பா என்ற தயக்கத்துக்கு வழி இருக்கிறது. வாசல் தாண்டாத, வீட்டுக்கென்றே ஒரு சோடி. சமையலறையில் அதைப் போடுவதை அபசாரமாக நினைக்கிற வீட்டில், அடுப்புக்கு முன்னால் கெட்டியான ரப்பர் விரிப்பாவது போட்டுக்கொள்ளலாம். மெட்டியைப் பற்றியும் கேட்பார்கள். மெட்டி இந்த நோயை உண்டாக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடிய ஷூ போட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஏற்கெனவே இடமில்லாத முனையில் அதுவும் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. விரல் வீங்குகிறவர்கள் இளக்கிக்கொள்வது நல்லது.

கனமான மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும். செருப்பு மாற்றினால் மார்ட்டன் வலி தீரும் என்பதற்கு வலுவான சான்று எங்கே? நியாயமான கேள்வி. 2004-இல் காக்ரேன் அமைப்பு இந்த நோயின் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செருப்பு அட்டைக்கு மட்டுமில்லை, அறுவைக்குமே போதிய தரமான சோதனைகள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு ஊசிக்குப் பின்னாளில் சில நல்ல சோதனைகள் வந்தன. மூன்று மாத அளவில் அது பலன் தருகிறது. 1995-இல் அமெரிக்காவில் 115 நோயாளிகளைப் படிப்படியாகக் கவனித்த ஆய்வு ஒன்றில், முதலில் செருப்பும் மேடும், தணியாவிட்டால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் அறுவை என்று போனார்கள். அறுவை வரை போனவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். ஒப்பிட வேறு குழு இல்லாத ஆய்வு அது, தானாகவே சரியானவர்களும் அதில் இருந்திருப்பார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்டே சொல்கிறேன், வரிசையைத் தீர்மானிக்கச் சான்றின் வலிமை மட்டும் போதாது, தவறினால் என்ன இழப்பு என்பதையும் பார்க்க வேண்டும். அகலச் செருப்பு பலிக்காவிட்டால் நஷ்டம் செருப்பின் விலை. அறுவையில் நரம்பை வெட்டி எடுத்தால் அந்த இடுக்கு நிரந்தரமாக மரத்துப்போகும், வெட்டிய முனையில் மறுபடி வலிக்கட்டு உருவாகவும் வாய்ப்புண்டு. ஊசி போட்டுக்கொண்டவரும் சரி, அறுவை செய்துகொண்டவரும் சரி, வெளியே வந்து அதே குறுகிய செருப்பில் காலை நுழைத்தால் என்ன ஆகும்?

இன்னொரு அச்சம் எனக்கே உண்டு. செருப்புதான் மருந்து என்று எழுதப்போய், டாக்டரிடம் போக வேண்டியவர்கள் கடைக்குப் போய்விடக் கூடாது. முன்பாதக் காந்தல் எல்லாம் மார்ட்டன் அல்ல. ஐ.சி.எம்.ஆர். 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதத்தினருக்கு இருக்கிறது. அதனால் வரும் நரம்புக் கேடு இரண்டு காலிலும் சேர்ந்து வரும், விரல் நுனியிலிருந்து மேலேறும், ராத்திரியில் அதிகமாகும், செருப்பைக் கழற்றினாலும் விடாது. மார்ட்டன் பெரும்பாலும் ஒரு காலில், ஓர் இடுக்கில். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறைந்தும் காந்தல் வரலாம், அங்கே நரம்பு மாத்திரைக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. இடுப்பிலிருந்து இறங்கும் வலி, எலும்பில் நூலிழை முறிவு, மூட்டுவாதம், உணர்ச்சியற்ற தேமலோடு வரும் தொழுநோய் எல்லாம் இதே இடத்தில் குத்தும். பிரிக்கிற சோதனைகள் எளியவை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை, ஒரு இசைக்கவை, டாக்டரின் ஐந்து நிமிடம். கால் மரத்திருப்பது தெரிந்தால் செருப்புத் தேர்வின் விதியே மாறிவிடும். 'போட்டுப் பார்த்தேன், வலிக்கவில்லை' என்ற அவர் வார்த்தையை நம்ப முடியாது. வேறொருவர் கண்ணாலும் கையாலும் பார்த்துத்தான் வாங்க வேண்டும், கழற்றியதும் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் செய்யப் புதிதாக ஒரு துறை வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதிலிருந்து வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை போய்ச் சேர்கிறது. கொண்டுபோகும் ஊழியரிடம் அந்த நைலான் இழையைக் கொடுத்து, பாதத்தோடு வாசலில் கிடக்கும் செருப்பையும் புரட்டிப் பார்க்கச் சொல்லலாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்பதே பாதி நோய்க்குறிப்பு. பாதம் பாதுகாப்போம் என்று அரசுக்கே ஒரு திட்டம் இருக்கிறது, சர்க்கரை நோயாளிகளுக்காக. அதன் கதவைச் சர்க்கரை இல்லாத நரம்பு வலிக்காரர்களுக்கும் திறந்துவிட்டால், சிவகிரியிலும் சங்கரன்கோவிலிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஒரு நாள் பாத நாளாக நடத்தலாம். அன்று சீட்டில் மூன்று வரி எழுத வேண்டும், செருப்பின் அகலம், குதி உயரம், மேடு ஒட்டும் இடம். கூடவே, சங்கரன்கோவில் வட்டாரத்தில் செருப்புத் தைக்கிற தொழிலாளர்களைக் கூப்பிட்டுக் கரிகிரிப் பட்டறை மாதிரியான ஓரிடத்தில் சம்பளத்தோடு சில வாரம் பயிற்சி கொடுக்க வேண்டும். சம்பளத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன், நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் பயிற்சிக்கு வர மாட்டார்கள். பரம்பரையாக இந்த வேலையைச் செய்து, அதற்காகவே தாழ்த்தி வைக்கப்பட்டவர்களிடம் இனி மருத்துவச் சீட்டோடு ஆள் போய் நிற்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

பெரியவர்களுக்கு வந்த பின் பார்ப்பதைவிடப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குவது மலிவு. 2012-13 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை விலையில்லாக் காலணி தரப்படுகிறது. இவ்வளவு பாதங்களுக்கு ஒரே கையால் செருப்பு வாங்கிக் கொடுக்கும் அரசுகள் குறைவு. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வில், பெண் குழந்தைகளின் பாதம் 11 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுடையது 15, 16 வயதிலும்தான் வேகமாக வளர்கிறது என்று தெரிந்திருக்கிறது. ஜூனில் அளவெடுத்து வாங்கிய ஷூ பொங்கலுக்குள் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குப் பற்றாமல் போகும் என்பது அதன் பொருள். வருடத்துக்கு இரண்டு முறை அளவெடுப்பதும், ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு அகலம் வைப்பதும் டெண்டரில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிகள்தான். சோடிக்குச் சில ரூபாய் கூடும். அடையாறில் அளவு இருக்கிறது, ஆம்பூரில் தைக்க ஆள் இருக்கிறது, கேட்க வேண்டியது கொள்முதல் செய்கிற அலுவலகம்.